ஊர்க் கணக்கும் வீட்டுக் கணக்கும்

கால்பந்தாட்டத்தைப் பற்றி ஒரு பெண் எழுத வந்துவிட்டாளே என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த ஆட்டத்தின் நுணுக்கங்களில் எனக்குப் பெரிய பாண்டித்தியம் ஒன்றும் கிடையாது. பதினோரு பேர் இந்தப் பக்கம், பதினோரு பேர் அந்தப் பக்கம். பந்து வலைக்குள் போனால் ‘கோல்’. நடுவில் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே எல்லாரிடமும் வசவு வாங்குவார். என் ஞானம் இவ்வளவுதான். ஆனால் ஆட்டக்காரனும் ஒரு வீட்டிலிருந்துதானே மைதானத்துக்குப் போகிறான்? அவனுடைய சேறு படிந்த சட்டையைத் துவைக்கிறவள் ஒருத்தி அங்கே இருக்கிறாள். அவன் கொண்டுவரும் சம்பளத்தில் வாடகைக்கு எவ்வளவு, ரொட்டிக்கு எவ்வளவு, குழந்தைகளின் பூட்ஸுக்கு எவ்வளவு என்று பங்கு போடுகிறவளும் அவள்தான். அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் பாட்ரிக் ஓகானலின் கதைக்குள் நான் நுழைந்தேன்.

பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ‘அவருக்கு மனைவியும் இத்தனை குழந்தைகளும் உண்டு’ என்று எங்கேயோ ஒரு வரி வருமே, அதைத் தேடிப் பிடிப்பேன். அநேகமாக அது ஒரே வரியோடு முடிந்துவிடும். ஓகானலைப் பற்றிப் படித்தபோதும் அந்த வரியைத் தேடினேன். ‘பார்ஸிலோனா கிளப்பை அழிவிலிருந்து காப்பாற்றிய மகாநுபாவர்’ என்று அவரைப் புகழ்கிறார்கள். பார்ஸிலோனா கிளப்பின் பெயரைத்தான் கால்பந்தே தெரியாதவர்களும் கேட்டிருப்பார்களே! புகழ்மாலையெல்லாம் சரி, அந்தச் சமயத்தில் அவருடைய வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதே என் கேள்வி.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஓகானல் 1887-ம் வருஷம் பிறந்தவர். வளர்ந்தது அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில். வசதியுள்ள குடும்பம் அல்ல. சிறு வயதிலேயே போலண்ட்ஸ் என்ற மாவு மில்லில் வேலைக்குப் போய்விட்டார். 1916-ம் வருஷத்துக் கிளர்ச்சியின்போது டி வலேராவின் படை முகாம் அடித்தது அந்தக் கம்பெனியின் கட்டடங்களில்தான். ஆனால் அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே நம் கதாநாயகர் மாவு மூட்டைகளிடம் விடைபெற்றுக்கொண்டு, பந்தின் பின்னால் ஓட ஆரம்பித்துவிட்டார்.

1908-ல், இருபத்தோரு வயதில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. பெல்ஃபாஸ்ட் நகரத்தின் ‘ஸெல்டிக்’ கிளப்பில் ஆடினார். 1909-ல் இங்கிலாந்திலிருந்து ‘ஷெஃபீல்டு வென்ஸ்டே’ கிளப் அவரை அழைத்துக்கொண்டது. அங்கிருந்து 1912-ல் ‘ஹல் ஸிட்டி’ கிளப்புக்குப் போனார். அவர் ஆடியது நடு வரிசையில். எதிரிகள் முன்னேறும்போது தடுக்க வேண்டும், பந்து கிடைத்ததும் முன்வரிசைக்காரர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். கை தட்டல் என்னவோ கோல் போடுகிறவனுக்குத்தான். சமையல் செய்தவளை விட்டுவிட்டுப் பரிமாறினவளைப் பாராட்டுவது போல!

அந்தக் காலத்துத் தொழில்முறை ஆட்டக்காரரின் நிலைமையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று ஆட்டக்காரர்கள் கோடி கோடியாகச் சம்பாதிப்பதைப் பார்க்கிறோம். அப்போது இங்கிலாந்தில் ஆட்டக்காரருக்கு வாரத்துக்கு நாலு பவுனுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று 1901-ல் ஒரு வரம்பு கட்டியிருந்தார்கள். 1910-ல் மூத்த ஆட்டக்காரர்களுக்கு அதை ஐந்து பவுனாக்கினார்கள். சம்பளத்துக்கு வரம்பு கட்டும் அந்த ஏற்பாடு 1961-ம் வருஷம் வரையில் நீடித்தது. மில் தொழிலாளியின் கூலியோடு ஒப்பிட்டால் அது நல்ல வருமானம்தான். ஆனால் எத்தனை வருஷத்துக்கு? முழங்கால் போனால் வேலை போயிற்று. முப்பத்தைந்து வயதானால் கிழவர். பென்ஷன் கிடையாது. ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்கு ஆட்டக்காரரை ‘மாற்றிக்’ கொடுக்கும்போது கைமாறும் பெரிய தொகை கிளப்பின் பெட்டிக்குப் போய்விடும். மாட்டை விற்ற பணம் மாட்டுக்கா வந்து சேரும்?

1914-ம் வருஷம் ஓகானலின் வாழ்க்கையில் பொன்னான வருஷம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு தேசங்களும் ஆண்டுதோறும் தங்களுக்குள் ஒரு போட்டி நடத்தி வந்தன. அதில் அயர்லாந்து தனியாக முதல் இடம் பெற்றதே கிடையாது. அந்த வருஷம் அயர்லாந்து அணி வேல்ஸை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. பிறகு இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே, மிடில்ஸ்பரோ நகரில், மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்கடித்தது. கடைசியாகப் பெல்ஃபாஸ்டில் ஸ்காட்லாந்தோடு ஆட்டம். அடிபட்டவருக்குப் பதில் இன்னொருவரை இறக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. ஓகானலுக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. முறிந்த கையோடு மைதானத்தில் நின்று ஆடினார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக முடிந்தது. வெற்றி மாலை அயர்லாந்தின் கழுத்தில் விழுந்தது.

அடுத்த சில வாரங்களில் ‘மான்செஸ்டர் யுனைடெட்’ கிளப் ஆயிரம் பவுன் கொடுத்து அவரை வாங்கியது. காப்டன் பதவியும் கிடைத்தது. மாவு மில் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவர் மான்செஸ்டருக்கு வந்து சேர்ந்த அந்தக் கோடையிலேயே முதலாவது மகாயுத்தம் மூண்டது. ஒரே ஒரு பருவம்தான் பந்தயங்கள் நடந்தன. அதற்குப் பிறகு நிறுத்திவிடுவார்கள், சம்பளமும் நின்றுவிடும் என்று ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. வயிற்றில் புளியைக் கரைக்கும் அந்தச் சூழ்நிலையில்தான், 1915 ஏப்ரல் 2-ந் தேதி, புனித வெள்ளியன்று, லிவர்பூலுடன் அந்தப் பேர் போன பந்தயம் நடந்தது.

மான்செஸ்டர் இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜயித்தது. ஆனால் ஜயித்தவர்களுக்கே கை தட்ட ஆளில்லை. ஆட்டம் அவ்வளவு உப்புச் சப்பில்லாமல் இருந்தது. சரியாக இரண்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கின் மீது, ஒன்றுக்கு ஏழு கிடைக்கும் என்று, பல பேர் பந்தயப் பணம் கட்டியிருந்தார்கள் என்பது பிறகு வெளிவந்தது. விசாரணை நடந்தது. லிவர்பூல் ஆட்டக்காரர் நால்வரும் மான்செஸ்டர்காரர் மூவரும் கூடிப் பேசி முடிவைத் தீர்மானித்துக்கொண்டார்கள் என்று கண்டுபிடித்து, ஆயுள் முழுவதும் ஆடக்கூடாது என்று தண்டித்தார்கள். அந்த எழுவரில் ஸாண்டி டர்ன்புல் என்பவர் 1917-ல் பிரான்ஸ் தேசத்துப் போர்க்களத்தில் உயிர் துறந்தார். ஏனாக் வெஸ்ட் என்பவர் தாம் குற்றமற்றவர் என்று கோர்ட்டு வரையில் போய்ப் போராடினார். 1945-ல் தடை நீங்கியபோது அவர் ஆடும் வயதைக் கடந்து கிழவராகியிருந்தார்.

அந்த ஆட்டத்தில் மான்செஸ்டருக்கு ஒரு ‘பெனால்டி’ கிடைத்தது. உதைத்தவர் காப்டன் ஓகானல். பந்து கோலுக்கு வெகு தூரம் விலகி எங்கேயோ போயிற்று. விசாரணை செய்தவர்கள் அவர் மீது எந்தக் குற்றமும் சாட்டவில்லை. ஆகவே நானும் சாட்டப் போவதில்லை. ஆனால் அந்த ஒரு உதை அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. நூறு வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பந்தயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை மறப்பதில்லை.

யுத்தம் முடிந்தபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு ஆகப் போகிறது. மனைவியோடு நான்கு குழந்தைகள். ஸ்காட்லாந்தில் சிறிது காலம் ஆடினார். பிறகு ஆஷிங்டன் என்ற ஊருக்குப் போனார். வட இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த சிறிய ஊர் அது. பின்னால் பாபி சார்ல்டன் என்ற பெரிய ஆட்டக்காரர் பிறந்தது அங்கேதான். ஓகானல் அங்கே ஆடிக்கொண்டே அணியை நடத்தும் பொறுப்பையும் ஏற்றார். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில் தமக்கு ஒரு திறமை இருக்கிறது என்பதை அவர் அறிந்துகொண்ட இடம் அது.

1922-ம் வருஷம் வந்தது. ஸ்பெயினின் வடகடலோரத்தில் உள்ள ஸான்டான்டெர் நகரத்தின் ‘ரேஸிங்’ கிளப் ஒரு பயிற்சியாளரைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் கால்பந்துக்கு இங்கிலாந்துக்காரர்களே குரு. ஐரோப்பாவின் மற்ற தேசங்கள் சம்பளம் கொடுத்து அவர்களை வரவழைத்தன. ஓகானல் கப்பல் ஏறினார். முப்பத்தைந்து வயது; கால்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மூளையை வைத்துப் பிழைக்க ஒரு வழி. இதுவரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிழைப்புக்காகக் கடல் கடந்து போன ஆண்கள் எத்தனையோ லட்சம் பேர்!

ஆனால் அவர் தனியாகப் போனார். மனைவியும் நான்கு குழந்தைகளும் இங்கிலாந்தில் தங்கிவிட்டார்கள். பின்னால் அவர்களை அழைத்துக்கொள்ளவும் இல்லை. அவர்களிடம் திரும்பி வரவும் இல்லை.

பணம் மட்டும் வந்தது. அதுவும் மாதா மாதம் தவறாமல் வந்ததா என்றால், இல்லை. சில சமயம் ஸ்பெயின் தபால்தலை ஒட்டிய கவர் வரும். அதில் கொஞ்சம் பணம் இருக்கும். பிறகு நெடுநாள் ஒன்றும் வராது. வெளியூரிலிருந்து வரும் மணியார்டரை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்ற அநுபவம் உள்ளவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பணமே வராது என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டால் மனசு ஒரு முடிவுக்கு வந்துவிடும். கையையும் காலையும் நம்பி ஏதாவது செய்துகொள்ளலாம். வரும் என்பதும் நிச்சயமில்லை, வராது என்பதும் நிச்சயமில்லை என்றால் அந்தக் குடும்பம் எந்தக் கடைக்காரரிடம் என்ன சொல்லிக் கடன் வாங்கும்? அந்த அம்மாள் நான்கு குழந்தைகளையும் வளர்த்து ஆளாக்கினாள். எந்தப் பத்திரிகையும் அவளுக்குக் கோப்பை கொடுத்துப் படம் போடவில்லை.

இதற்கிடையில் ஸ்பெயினில் ஓகானலுக்குச் சுக்கிர தசை ஆரம்பித்துவிட்டது. ஸான்டான்டெரில் ஏழு வருஷம் இருந்தார். வட்டாரப் போட்டிகளில் ரேஸிங் பல தடவை முதலாவதாக வந்தது. 1929-ல் ஸ்பெயின் முழுவதற்கும் ‘லீக்’ போட்டி ஏற்பட்டபோது, அதை ஆரம்பித்து வைத்த பத்து கிளப்புகளில் ரேஸிங்கும் ஒன்றாக இடம் பிடித்தது. பிறகு ஒவியேதோ நகரத்தில் சில காலம். அப்புறம் தெற்கே, வெயிலும் ஆரஞ்சு மரங்களும் நிறைந்த ஸெவில் நகரத்தில் ‘பேட்டிஸ்’ கிளப்பில் சேர்ந்தார்.

பேட்டிஸ் பணக்காரக் கிளப் அல்ல. ‘தோற்றாலும் சரி, பேட்டிஸ் வாழ்க!’ என்பது அதன் ரசிகர்களின் கோஷம். இந்தக் கோஷம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பரீட்சையில் மார்க்குக் குறைந்த பிள்ளையை அணைத்துக்கொள்ளும் தாயார் அப்படித்தானே இருப்பாள்? அந்தக் கிளப்பை ஓகானல் 1932-ல் முதல் டிவிஷனுக்கு உயர்த்தினார். தெற்கு ஸ்பெயினிலிருந்து முதல் டிவிஷனில் கால் வைத்த முதல் கிளப் அதுதான். எதிரிகள் கோல் போட முடியாதபடி தற்காப்பைக் கோட்டைச் சுவர் மாதிரி கட்டினார். 1934-35 பருவத்தில் ஆடிய இருபத்திரண்டு ஆட்டங்களில் பேட்டிஸ் வாங்கிய கோல்கள் 19-தான்.

கடைசி ஆட்டத்தை யார் ஏற்பாடு செய்தார்களோ, விதியின் விளையாட்டுத்தான்! 1935 ஏப்ரல் 28-ந் தேதி, ஸான்டான்டெர் நகரில், ஓகானலின் பழைய கிளப்பான ரேஸிங்கோடு மோத வேண்டும். ஜயித்தால் பட்டம், தவறினால் மாட்ரிட் தட்டிக்கொண்டு போய்விடும். ஐந்துக்குப் பூஜ்யம் என்று பேட்டிஸ் ஜயித்தது. மாட்ரிட்டுக்கு 33 பாயிண்டு, பேட்டிஸுக்கு 34. ஸ்பெயினின் லீக் பட்டத்தைப் பேட்டிஸ் பெற்றது அந்த ஒரே தடவைதான். இன்று வரையில் இரண்டாவது தடவை கிட்டவில்லை. ஸெவில் நகரத்தில் டான் பத்ரீஸியோவின் பெயரை மறக்காமல் இருப்பதில் என்ன ஆச்சரியம்? ‘பாட்ரிக்’ என்பதைத்தான் ஸ்பெயின்காரர்கள் ‘பத்ரீஸியோ’ ஆக்கி, மரியாதைக்கு முன்னால் ஒரு ‘டான்’ சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வெற்றியைப் பார்த்துப் பார்ஸிலோனா கிளப் அவரை அழைத்தது. 1936 ஜூனில் அந்த அணி ஸ்பெயின் கோப்பையின் இறுதி ஆட்டம் வரையில் போய், மாட்ரிட்டிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. அடுத்த மாதமே ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் வெடித்தது. ஆகஸ்டு 6-ந் தேதி, பார்ஸிலோனா கிளப்பின் தலைவர் ஜோஸப் ஸுன்யோல், மாட்ரிட்டுக்கு அருகே மலைப்பாதையில் பிராங்கோவின் படையினரிடம் அகப்பட்டுக்கொண்டார். அவரை அங்கேயே சுட்டுக் கொன்றார்கள்.

ஓகானல் அப்போது விடுமுறையில் அயர்லாந்தில் இருந்தார். ‘நிலைமை இப்படி இருக்கிறது, நீங்கள் வராவிட்டாலும் நாங்கள் தப்பாக நினைக்க மாட்டோம்’ என்ற பாவனையில் கிளப்பிலிருந்து செய்தி போயிற்று. அவர் திரும்பி வந்தார். குண்டு விழும் ஊருக்கு, தலைவரைப் பறிகொடுத்த கிளப்புக்கு, சம்பளம் வருமா வராதா என்று தெரியாத வேலைக்குத் திரும்பி வந்தார். இந்த இடத்தில் அவரை நமஸ்கரிக்கத்தான் வேண்டும். நமஸ்கரித்துக்கொண்டே எனக்கு இன்னொன்றும் தோன்றியது. அயர்லாந்திலிருந்து பார்ஸிலோனாவுக்குப் போகிறவருக்கு, மனசு இருந்தால், இங்கிலாந்தில் இருக்கும் பெண்டாட்டி பிள்ளைகளின் வீடு அப்படி ஒன்றும் சுற்று வழியல்ல.

கிளப்பின் கஜானா காலியாகிக்கொண்டிருந்தது. பந்தயம் ஏது, டிக்கெட் வசூல் ஏது? அப்போதுதான் மெக்ஸிகோவிலிருந்த ஒரு வர்த்தகரிடமிருந்து அழைப்பு வந்தது. அணி வந்து ஆடினால், செலவு போக 15,000 டாலர் தருவதாகச் சொன்னார். 1937-ல் பதினாறு ஆட்டக்காரர்களோடு ஓகானல் புறப்பட்டார். வைத்தியர் ஒருவர், உடம்பு பிடித்துவிடுகிறவர் ஒருவர், காரியதரிசி ஒருவர் உடன் போனார்கள். மெக்ஸிகோவில் ஆடினார்கள், பிறகு நியூயார்க்கில் ஆடினார்கள். போன இடமெல்லாம் வரவேற்பு. ஆனால் திரும்பும் நாள் நெருங்கியபோது ஒவ்வொருவருக்கும் மனசுக்குள் போராட்டம். ஊரில் யுத்தம், இங்கே சோறும் பாதுகாப்பும். பலர் மெக்ஸிகோவிலேயே தங்கிவிட்டார்கள். சிலர் பிரான்ஸோடு நின்றுகொண்டார்கள். பார்ஸிலோனாவுக்குத் திரும்பியவர்கள் ஆட்டக்காரரில் நான்கே பேர். அவர்களோடும் உடன் வந்த மற்றவர்களோடும் ஓகானலும் திரும்பினார்.

சம்பாதித்த பணம்? அதைப் பாரிஸில் ஒரு பாங்கியில் பத்திரமாகப் போட்டுவைத்தார்கள். ஸ்பெயினுக்குள் கொண்டுபோயிருந்தால் யார் கையில் சிக்கியிருக்குமோ! 1938 மார்ச்சில் பார்ஸிலோனா கிளப்பின் கட்டடத்தின் மேலேயே குண்டு விழுந்தது. அப்படியும் கிளப் சாகவில்லை. கடனை அடைத்து மூச்சுப் பிடித்துக்கொள்ள அந்தப் பணம் உதவியது. ‘பார்ஸிலோனாவைக் காப்பாற்றியவர்’ என்ற பட்டம் ஓகானலுக்கு வந்தது இப்படித்தான். அதில் பொய் எதுவும் இல்லை.

ஊர்க் கணக்கில் அவர் நயா பைசா பாக்கி வைக்கவில்லை. வீட்டுக் கணக்கைத்தான் திறக்கவே மனசு வரவில்லை போலிருக்கிறது. ஸ்பெயினில் இருந்தபோது அவர் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். மணப்பெண்ணும் அயர்லாந்துக்காரி. வேடிக்கையைக் கேளுங்கள்: இரண்டு மனைவியருக்கும் பெயர் ஒன்றே! முதல் மனைவியோ உயிரோடு இருக்கிறாள். விவாகரத்து எதுவும் நடக்கவில்லை. முதல் குடும்பம் இருப்பது இரண்டாமவளுக்குத் தெரியாது.

இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்தியது அதற்குப் பின்னால் வரும் ஒரு சம்பவம். அவருடைய மகன் வளர்ந்து பெரியவனாகி, தகப்பனாரைத் தேடிக்கொண்டு ஸ்பெயினுக்கே போனான். தேடிக் கண்டுபிடித்தும் விட்டான். எத்தனை வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த சந்திப்பாக இருந்திருக்கும்! ஆனால் தகப்பனார் என்ன செய்தார்? ‘இவன் என் சகோதரன் மகன்’ என்று தம் மனைவியிடம் அறிமுகம் செய்து வைத்தார். பிள்ளையும் அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தான்.

அந்தப் பிள்ளையின் இடத்தில் நின்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முறிந்த கையோடு மைதானத்தில் நிற்கத் தெரிந்தவர்தாம் ஓகானல். குண்டு மழைக்கு நடுவே திரும்பி வந்தவர்தாம். ஆனால் ‘இவன் என் மகன்’ என்ற மூன்று வார்த்தைகளைச் சொல்ல வேறு விதமான தைரியம் வேண்டியிருக்கிறது. அதற்குப் பயிற்சி கொடுக்கிற மைதானம் எந்த ஊரிலும் கிடையாது. கூட்டம் பார்க்கும்போது வீரனாக இருப்பது சுலபம் என்று நான் சொல்ல மாட்டேன், அதுவும் கஷ்டம்தான். யாரும் பார்க்காத கூடத்தில், ஒரு நாற்காலி எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு உண்மையைச் சொல்வது அதைவிடக் கஷ்டம் என்று மட்டும் தெரிகிறது.

உள்நாட்டு யுத்தத்துக்குப் பிறகும் அவர் ஸ்பெயினில்தான் இருந்தார். மறுபடியும் பேட்டிஸ் கிளப்பில் இரண்டு வருஷம்; பிறகு அதே நகரத்தில் பேட்டிஸுக்குப் பரம வைரியான ‘ஸெவில்லா’ கிளப்பில் மூன்று வருஷம். சண்டைக்காரச் சம்பந்திகள் இரண்டு பேர் வீட்டிலும் விருந்து சாப்பிட்டு நல்ல பெயர் வாங்குவதற்குச் சமானம் அது! 1942-43 பருவத்தில் ஸெவில்லா லீக்கில் இரண்டாவது இடம் பெற்றது. கடைசியாக, ஸ்பெயினில் அவருக்கு முதலில் கதவு திறந்துவிட்ட ஸான்டான்டெருக்கே திரும்பிச் சிறிது காலம் வேலை பார்த்தார். அதோடு அவருடைய சகாப்தம் முடிந்தது.

1950-களில் அவர் லண்டன் வந்து சேர்ந்தபோது கையில் ஒன்றும் இல்லை. ஒரு சகோதரரின் தயவில், ஸெயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தின் பக்கமாக, ஒரு மச்சு அறையில் ஒண்டிக்கொண்டிருந்தார். ஒரு கிளப்பின் பணத்தைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுவந்து சேர்த்தவருக்குத் தமக்கென்று நாலு காசு சேர்த்துவைக்கத் தெரியவில்லை. 1959 பிப்ரவரி 27-ந் தேதி, எழுபத்தோராவது வயதில், நிமோனியா கண்டு காலமானார். லண்டன் கென்ஸல் கிரீனில் உள்ள கத்தோலிக்க மயானத்தில் அடக்கம் செய்தார்கள். சமாதியின் மேல் ஒரு கல் இல்லை, பெயர் இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் அது அப்படியே கிடந்தது.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. ஓகானலின் பேரன் ஒருவரை மணந்து அந்தக் குடும்பத்துக்குள் வந்த ஒரு பெண்மணி, புக்ககத்தில் யாரும் அதிகம் பேசாத இந்தப் பாட்டனாரின் கதையைத் துருவித் துருவி விசாரித்தார். பார்ஸிலோனாவைக் காப்பாற்றிய மனிதர் என்று தலைப்புக் கொடுத்து 2016-ல் ஒரு புத்தகமாகவே எழுதிவிட்டார். பட்டமும் கோப்பையும் அதில் இருக்கின்றன. விட்டுப்போன மனைவியும் ‘சகோதரன் மகன்’ ஆகிப்போன பிள்ளையும் அதில் இருக்கிறார்கள். சமாதிக்கு ஒரு கல் வைக்க வேண்டும் என்று குடும்பத்தாரும் ரசிகர்களும் நிதி திரட்டினார்கள். பெரிய கிளப்புகளும் பெயர் பெற்ற ஆட்டக்காரர்களும் அந்த முயற்சிக்கு ஆதரவு காட்டினார்கள். மயானத்தில் பெயர் பொறித்த கல் எழுந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்மணிக்கு இந்தக் கிழவரிடம் என்ன கடமை? ரத்த சம்பந்தம் கிடையாது. அவரால் கைவிடப்பட்ட குடும்பத்தின் மருமகள் அவர். ‘போனவர் போனவர்தான்’ என்று தலை முழுகியிருக்கலாம். யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அல்லது குடும்ப மானம் என்று பயந்து, பார்ஸிலோனாப் பெருமையை மட்டும் எழுதிவிட்டு மற்றதை மூடி மறைத்திருக்கலாம். எத்தனை குடும்பங்களில் அதுதானே நடக்கிறது? அவர் இரண்டையும் செய்யவில்லை. வரவையும் எழுதினார், செலவையும் எழுதினார், பிறகு சமாதிக்குக் கல் வைக்கும் முயற்சியில் துணை நின்றார்.

‘இப்படிப்பட்டவருக்குக் கல் ஒரு கேடா?’ என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த அம்மாள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கும் கோபம் வரத்தான் செய்கிறது. வேறு சிலர், ‘அவ்வளவு பெரிய காரியம் செய்தவர், வீட்டு விஷயத்தை எதற்குக் கிளறுவது?’ என்பார்கள். அதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். ஊருக்குச் செய்த உபகாரத்தைக் காட்டி வீட்டுக் கடனைத் தள்ளுபடி செய்துகொள்ள முடியாது. அதே மாதிரி, வீட்டுக் கடன் நிற்கிறதே என்பதற்காக ஊருக்குச் செய்த உபகாரத்தை இல்லை என்று அழித்துவிடவும் முடியாது. மெக்ஸிகோவிலிருந்து வந்த பணம் வந்ததுதான். இங்கிலாந்துக்கு வராத பணம் வராததுதான்.

எனக்கு ஒரே ஒரு ஆசை உண்டு. பார்ஸிலோனாவின் வெற்றிகளைத் தொலைக்காட்சியில் பார்த்து நம் வீட்டுப் பையன்கள் குதிக்கும்போது, யாராவது அவர்களுக்கு டான் பத்ரீஸியோவின் கதையைச் சொல்ல வேண்டும். முறிந்த கையைச் சொல்லட்டும், மெக்ஸிகோப் பயணத்தைச் சொல்லட்டும். சொல்லிவிட்டு, ஸ்பெயின் தபால்தலை ஒட்டிய கவர் இன்றைக்காவது வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே நான்கு குழந்தைகளை வளர்த்தாளே, அவளைப் பற்றியும் அரைமணி நேரம் சொல்லட்டும். கேட்கிற பையன்கள் நாளைக்கு யாருக்கோ கணவர்களாகவும் தகப்பனார்களாகவும் ஆகப் போகிறவர்கள்தானே?